சக்கரம் இறங்காவிட்டால் மேலே என்ன நடக்கும்? திருவனந்தபுரம் வழியாக கல்ஃப் போய்வரும் நம் ஆட்களுக்காக

ஷீபா, களியக்காவிளை

எல்லோருக்கும் வணக்கம். நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது கல்ஃபில் இருக்கிறார்கள். மார்த்தாண்டமோ பாறசாலையோ, எல்லோருக்கும் திருவனந்தபுரம்தான் ஏர்போர்ட். அதனால் இங்கே கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் சொல்வீர்கள் என்று கேட்கிறேன்.

போன வாரம் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வந்த விமானம், சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா இல்லையா என்ற சந்தேகத்தில் வெகுநேரம் கடல் மேலேயே சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குப் பாதிதான் புரிந்தது, வெளியே காத்திருந்தவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. அந்த அண்ணனின் அம்மா இன்னும் அதே பேச்சாக இருக்கிறார். என் வீட்டுக்காரர் அடுத்த மாதம் லீவுக்கு வருகிறார், எனக்கும் மனசு நிலைகொள்ளவில்லை.

கோளாறு என்று தெரிந்ததும் ஏன் உடனே இறக்குவதில்லை? சக்கரம் வரவே வரவில்லை என்றால் என்ன வழி? உள்ளே உட்கார்ந்திருப்பவர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ஹேங்கர் அண்ணாச்சி, மார்த்தாண்டம்

ஷீபா மக்கா, முதலில் அந்த அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். சுற்றிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்த விமானம் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தது. இன்ஜினிலும் இறக்கையிலும் குறை இல்லை. தரையைத் தொடும்போது மட்டும் தேவைப்படும் ஒரு பாகத்தைப் பற்றிய சந்தேகம், அவ்வளவுதான். மேலே இருக்கும்வரை நேரம் நம் கையில் இருக்கிறது.

நான் விமானப் பராமரிப்பில் இருந்து ரிட்டயர் ஆனவன். அதிகமும் போயிங் 737 விமானங்களில்தான் வேலை. சக்கரம் இறங்காமல் போவது ஒன்று, இறங்கிவிட்டதா என்று காக்பிட்டில் சரியாகக் காட்டாமல் போவது வேறொன்று. புகாராக வருவதில் இரண்டாவது வகைதான் அதிகம். மூன்று சக்கரத் தொகுதிக்கும் ஒவ்வொரு பச்சை விளக்கு உண்டு. மூன்றும் எரிந்தால் மூன்றும் கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டன என்று பொருள். ஒன்று எரியாவிட்டால் சக்கரம் பூட்டாமல் இருக்கலாம், சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம், ஒயரில் பிரச்சினை இருக்கலாம், பல்பே போயிருக்கலாம். இதற்காகவே 737இல் தலைக்கு மேலே உள்ள பேனலில் இன்னொரு செட் விளக்குகள் தனி ஒயரிங்கோடு இருக்கின்றன. இரண்டில் ஒன்று பச்சை காட்டினாலும் அந்தச் சக்கரம் பூட்டியிருக்கிறது. பழைய 737களில் கேபின் தரையில் கார்பெட்டுக்கு அடியில் சிறிய கண்ணாடி இருக்கும். ஒருவர் போய்க் குனிந்து பார்த்தால் சக்கரத்தின் பூட்டு கண்ணுக்கே தெரியும்.

சாதாரணமாகச் சக்கரத்தை ஏற்றி இறக்குவது ஹைட்ராலிக் திரவம். 3,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தள்ளுகிறது. மேலே இருக்கும்போது சக்கரம் ஒரு கொக்கியில் தொங்குகிறது. கொக்கி விட்டதும் கீழே வந்து, மடக்குமேசைக் காலில் உள்ள குறுக்குக் கம்பி நேரானதும் டக்கென்று பூட்டிக்கொள்வது மாதிரி பூட்டிக்கொள்கிறது. அப்புறம் எவ்வளவு பாரம் மேலே வந்தாலும் மடங்காது.

ஹைட்ராலிக் மொத்தமும் போய்விட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 737இல் துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு சின்ன மூடி. திறந்தால் மூன்று கைப்பிடிகள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று. இழுத்தால் கேபிள் போய்க் கொக்கியை விடுவிக்கும். சக்கரம் தன் எடையாலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இரண்டு விமானிகளுக்கும் நடுவே ஒரு மடக்குக் கைப்பிடி இருக்கும். நீட்டி மூன்று சுற்று சுற்றினால் போதும், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். அப்படி இறக்கினால் ஏ320இல் முன் சக்கரத்தைத் திருப்பும் வசதி இருக்காது. அதனால் ஓடுபாதையிலேயே நின்று, டிராக்டர் வந்து இழுத்துப் போகும். அங்கே நிற்பதைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் பதறத் தேவையில்லை.

ராஜன், கொல்லங்கோடு

அண்ணாச்சி, விளக்கத்துக்கு நன்றி. எனக்கு வேறொரு கேள்வி. இப்படி எது நடந்தாலும் டிவியில் "கடலில் எரிபொருளைக் கொட்டிவிட்டுத் தரையிறங்கியது" என்று போடுகிறார்கள். எங்கள் குடும்பம் கடல்தொழில். நீரோடியிலிருந்து விழிஞ்ஞம் வரைக்கும் வள்ளம் இறக்குபவர்கள் எத்தனையோ பேர். இத்தனை டன் எண்ணெய் எங்கள் தலைமேல் விழுகிறதா? கடல் மேல் சுற்றுவதே இதற்குத்தானா?

சுப்பு, செங்கோட்டை

ராஜன் அண்ணே, நம்ம ஊர்களிலிருந்து கல்ஃப் போகும் 737, ஏ320 இரண்டிலும் எரிபொருளை வெளியே கொட்டும் வசதியே கிடையாது. அதற்கான குழாயே வைக்கவில்லை. 777 மாதிரிப் பெரிய விமானங்களில்தான் உண்டு. அதையும் நல்ல உயரத்தில், டவர் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில்தான் செய்வார்கள். பெரும்பகுதி காற்றிலேயே ஆவியாகிவிடும். சின்ன விமானம் சுற்றிச் சுற்றி எரித்துத்தான் குறைக்க வேண்டும். கடல் மேல் சுற்றுவது கீழே ஊர் இல்லை, மற்ற விமானங்களின் வழியில் குறுக்கிட வேண்டாம் என்பதற்காக.

திருச்சி சம்பவம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 அக்டோபர் 11, சாயங்காலம் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737. ஏறியதும் ஹைட்ராலிக் கோளாறு. 140க்கும் மேற்பட்ட பயணிகளோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றியது. தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கீழே ஆம்புலன்ஸ் வரிசை. கடைசியில் சக்கரங்கள் இறங்கி, வழக்கம்போல ஓடுபாதையைத் தொட்டு நின்றது.

அந்த இரண்டு மணி நேரம் எதற்கு? 737-800 கிளம்பும்போது அதிகபட்சம் 79 டன் வரை இருக்கலாம். இறங்கும்போது 66 டன் அளவுதான் கணக்கு. கல்ஃப் வரை போக நிரப்பிய எண்ணெயோடு உடனே இறங்கினால் பாரம் அதிகம், வேகமும் அதிகம், பிரேக் சூடாகும். தீ மாதிரி உயிர் போகும் அவசரம் என்றால் பாரத்தோடே இறங்கத்தான் செய்வார்கள், அப்புறம் விமானத்தைப் பிரித்து மேய்ந்து பார்ப்பார்கள். அந்த அவசரம் இல்லாதபோது எரித்துவிட்டு, விமானிகளின் கையேட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் நிதானமாகச் செய்து இறங்குவது நல்லது. நேரம் நம் கையில் இருக்கிறது என்று அண்ணாச்சி சொன்னது இதைத்தான்.

ஹேங்கர் அண்ணாச்சி, மார்த்தாண்டம்

சுப்பு தம்பி சொன்னது சரி. ஆனால் அந்த நேரத்துக்கு ஒரு முடிவு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான்.

1978 டிசம்பர் 28, அமெரிக்காவில் போர்ட்லாந்து. யுனைடெட் 173, டிசி-8 விமானம், 189 பேர். சக்கரத்தை இறக்கும்போது பெரிய சத்தம், ஒரு பக்கம் அதிர்ந்தது, விளக்கு சரியாக வரவில்லை. கேப்டன் சுற்றத் தொடங்கினார். பயணிகளைத் தயார்படுத்த வேண்டும், சக்கரத்தைச் சோதிக்க வேண்டும், மோதினால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். சுமார் ஒரு மணி நேரம் போனது. எண்ணெய் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அழுத்திச் சொல்லவில்லை, அவர் மனதிலும் அது ஏறவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று, ஏர்போர்ட் வந்து சேரும் முன்னால் வீடுகள் நடுவே விழுந்தது. பத்து பேர் இறந்தார்கள். சக்கரங்கள் இறங்கித்தான் இருந்தன.

பிற்பாடு பார்த்தால், வலது சக்கரத்தை ஏற்றி இறக்கும் சிலிண்டரின் தண்டு அரித்துப்போய்ப் பிய்ந்திருந்தது. அதனால்தான் சக்கரம் தடாலென்று விழுந்து சத்தம் வந்தது. ஒரு தண்டில் பிடித்த துரு.

இதை எல்லோரும் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கு அப்படிக் கடக்க முடிவதில்லை. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டை ஒட்டிய சங்குமுகம் கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. ஹேங்கர் கதவுக் கீலில் எண்ணெய் விட்டாலும் சீக்கிரமே சிவந்துவிடும். சக்கரக் காலின் உள் உருளை குரோம் பூசி முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும். அதில் தூசி படிந்தால் சீல் கிழியும். அதனால் ஹைட்ராலிக் திரவத்தில் நனைத்த துணியால் சுற்றித் துடைப்போம், துடைக்கும்போதே விரலால் தடவிப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத சின்னக் குழி விரலுக்குத் தெரியும். அந்தத் திரவம் ஊதா நிறம், தோலில் பட்டால் எரியும். பழைய ஆட்கள் கருவிப்பெட்டியில் ஒரு குப்பி விளக்கெண்ணெய் வைத்திருப்பார்கள், கையில் தடவிக்கொள்ள.

பெரிய பராமரிப்புச் சோதனையில் விமானத்தை ஜாக் வைத்துத் தூக்கி, வெளியே இருந்து ஹைட்ராலிக் அழுத்தம் கொடுத்து, சக்கரத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்போம். காக்பிட்டில் ஒருவர், கீழே ஹெட்செட்டோடு ஒருவர். கதவு மூடும் பாதையில் ஒருத்தரும் நிற்கக் கூடாது, கை வைத்தால் கை போகும். சென்சாருக்கும் அது பார்க்கும் இரும்புத் துண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியை அளப்போம். கொஞ்சம் கூடினால் மேலே விளக்கு எரியாது. அப்புறம் கைப்பிடி இழுத்து, ஹைட்ராலிக் இல்லாமல் தானாக விழுகிறதா என்றும் பார்ப்போம். அது விழுந்து பூட்டும் சத்தம் கேட்டால்தான் மனசுக்கு நிம்மதி.

சுப்பு, செங்கோட்டை

அண்ணாச்சி எழுதியதற்கு நெருங்கிய இன்னொரு சம்பவம் மயாமியில் நடந்தது. 1972 டிசம்பர் 29, ஈஸ்டர்ன் 401. முன் சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. 2,000 அடியில் ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு, காக்பிட்டில் இருந்த எல்லோரும் அந்த விளக்கைக் கழற்றி மாட்டுவதில் இறங்கிவிட்டார்கள். ஒருவர் தரைக்கு அடியில் போய்ச் சக்கரத்தைப் பார்க்கப் போனார். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிப்பது எப்போதோ விட்டுப்போயிருந்தது. ராத்திரி, கீழே சதுப்பு நிலம், வெளிச்சமே இல்லை. 176 பேரில் 101 பேர் போனார்கள். சக்கரம் சரியாகத்தான் இருந்தது, பல்புதான் எரிந்துபோயிருந்தது.

இந்த இரண்டு விபத்துகளும் விமானி பயிற்சியையே மாற்றிவிட்டன. ஒருவர் பறப்பதை மட்டும் பார்க்க வேண்டும், இன்னொருவர் கோளாறைப் பார்க்க வேண்டும். யாராக இருந்தாலும் எண்ணெய் குறைகிறது என்றால் கேப்டன் காதில் விழும்படி சொல்ல வேண்டும். 1979இல் நாசா இதற்காகவே ஒரு கூட்டம் நடத்தியது. 1981இல் யுனைடெட் கம்பெனியே முதலில் இந்தப் பயிற்சியைத் தொடங்கியது. இப்போது உலகம் முழுக்க இது கட்டாயம். ஷீபா அக்கா, உங்கள் தெரு அண்ணன் வந்த விமானத்தில் இரண்டு பேரும் இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டுதான் சுற்றியிருப்பார்கள்.

ஷீபா, களியக்காவிளை

படிக்கும்போது நடுங்கினாலும் புரிகிறது. இன்னொரு சந்தேகம். அவர்கள் விமானம் ஒருமுறை டவர் பக்கத்தில் தாழ வந்து, இறங்காமல் மறுபடி மேலே ஏறியதாம். அதுதான் உள்ளே எல்லோருக்கும் உயிர் போய் வந்ததாகச் சொன்னார்.

ஹேங்கர் அண்ணாச்சி, மார்த்தாண்டம்

அது வேண்டுமென்றே செய்வது மக்கா. டவரில் இருப்பவர்களும் கீழே நிற்கும் எங்களைப் போன்ற ஆட்களும் பைனாகுலரில் பார்த்து, மூன்று சக்கரமும் கீழே தெரிகிறதா, கோணலாக ஏதாவது நிற்கிறதா என்று சொல்வோம். பூட்டு விழுந்திருக்கிறதா என்று கீழே இருந்து சொல்ல முடியாது. ஆனாலும் சக்கரம் வந்திருக்கிறது என்பதே பெரிய தகவல். ஒரு வரி அறிவிப்பு முன்கூட்டியே வந்திருந்தால் யாரும் அலறியிருக்க மாட்டார்கள். பயணிகளிடம் கேப்டனே பேச வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

மேகலா, நாகர்கோவில்

நான் கேபின் க்ரூவாக இருந்தவள், இப்போது இல்லை. அண்ணாச்சி சொன்ன கடைசி வரியை நூறு தடவை சொல்லலாம். நம் ஆட்கள் நிறைய பேருக்கு இங்கிலீஷ் அறிவிப்பும் புரியாது, ஹிந்தியும் புரியாது. நான் இருந்த விமானங்களில் தமிழிலும் மலையாளத்திலும் வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொன்னால் கேட்பார்கள்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கேப்டன் மூத்த க்ரூவைக் கூப்பிட்டு, என்ன கோளாறு, எவ்வளவு நேரம் இருக்கிறது, தலையைக் குனிய என்ன சிக்னல் தருவேன், இறங்கியதும் காலி செய்ய வேண்டியிருக்குமா என்று சொல்வார். அதன்பிறகு நாங்கள் கிச்சனைப் பூட்டுவோம், தளர்ந்த பொருள் எல்லாவற்றையும் அடைப்போம். ஹை ஹீல்ஸ், கூரான பொருள் இருந்தால் கழற்றச் சொல்வோம். சாதாரண செருப்பு, ஷூ காலிலேயே இருக்கட்டும். கதவுக்குப் பக்கத்தில் திடகாத்திரமான ஆட்களை மாற்றி உட்காரவைத்து, எப்போது திறக்க வேண்டும், எப்போது திறக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுப்போம். சீட் பெல்ட்டை இடுப்பு எலும்புக்குக் கீழே இறுக்க வேண்டும். நெற்றியை முன் சீட்டில் சாய்த்து, பாதத்தைத் தரையில் பதித்து உட்கார வேண்டும். "குனி" என்ற சத்தம் கேட்டதிலிருந்து விமானம் முழுசாக நிற்கும்வரை நிமிரக் கூடாது. முதல் குலுக்கல் முடிந்ததும் நிமிர்ந்து பார்ப்பவர்களுக்குத்தான் அடிபடும்.

இதைவிட எனக்குச் சொல்ல வேண்டியது பை. 2016 ஆகஸ்ட் 3, நம் திருவனந்தபுரத்திலிருந்தே கிளம்பி துபாய் போன எமிரேட்ஸ் 521. சக்கரத்தில் கோளாறே இல்லை. ஓடுபாதையைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே ஏற முயன்றார்கள். சக்கரத்தைத் தூக்கிவிட்டார்கள், இன்ஜின் சக்தி கூடவில்லை. விமானம் வயிற்றால் விழுந்து சறுக்கியது. 300 பேர். காற்றில், பயணிகள் வெளியேறுவதற்கான சில சறுக்குகள் புரண்டு பயன்படாமல் போயின. விழுந்து ஒன்பது நிமிஷத்தில் எண்ணெய்த் தொட்டி வெடித்தது. உள்ளே இருந்த 300 பேரும் பிழைத்தார்கள். தீயணைக்க வந்த ஒரு வீரர் உயிர்விட்டார். அந்த வீடியோவில் புகைக்கு நடுவே மேல் தட்டைத் திறந்து பெட்டியை எடுக்கிறார்கள். நம் ஊர்க் குரல்கள் அதில் கேட்கின்றன. இப்போதும் என்னால் அதை முழுசாகப் பார்க்க முடியாது.

பாபு, ரியாத் (சொந்த ஊர் குழித்துறை)

மேகலா அக்கா, மரியாதையோடு ஒரு வார்த்தை. அந்த வீடியோவைப் பார்த்து ஊரெல்லாம் பெட்டிக்காரர்களைத் திட்டியது. எனக்கு அவர்களைத் திட்ட வரவில்லை. அந்தப் பையில் இருப்பது பாஸ்போர்ட், இக்காமா (சவூதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை), வீட்டுக்குக் கொண்டுபோகிற நகை, மூன்று வருஷச் சம்பளத்தில் வாங்கியது. பாஸ்போர்ட் போனால் திரும்ப வேலைக்குப் போகவே முடியாத நிலைமை எங்களில் எத்தனையோ பேருக்கு. உயிர் இருந்தும் கையில் காகிதம் இல்லாமல் எம்பசி வாசலில் உட்கார்ந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் ஒருத்தன் உடம்பில் ஊறிப்போனது. "எடுக்காதே" என்று மட்டும் சொன்னால் போதாது.

மேகலா, நாகர்கோவில்

பாபு தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். இதை யோசிக்காமல் சட்டம் மட்டும் சொல்பவர்கள் உங்கள் வாழ்க்கையைப் பார்க்காதவர்கள்.

ஆனால் கணக்கு இதுதான். விமானம் கட்டும்போதே, பாதிக் கதவுகள் அடைபட்டிருந்தாலும் எல்லோரும் 90 நொடியில் வெளியேற முடியும் என்று நிரூபித்தால்தான் அனுமதி. அந்தச் சோதனையில் யாரும் பை எடுப்பதில்லை. நடைபாதையில் ஒருவர் ஒரு நிமிஷம் நின்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் முப்பது வரிசையும் நிற்கிறது. பெட்டியோடு சறுக்கில் குதித்தால் கீழே இருப்பவர் மேல் விழும், இல்லையென்றால் சறுக்கையே கிழிக்கும். கைக்குழந்தையோடு வருகிற பெண் அந்த முப்பது வரிசையில்தான் இருப்பாள்.

அதனால் கல்ஃபிலிருந்து வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது: பாஸ்போர்ட், இக்காமா, போனை மேல் தட்டில் வைக்காதீர்கள். கழுத்தில் மாட்டுகிற சின்னப் பையோ, பட்டன் போட்ட சட்டைப் பையோ போதும். ஏறி உட்காரும்போதே உடம்பில் இருக்கட்டும், இறங்கும்வரை எடுக்க வேண்டாம். அப்போது மேல் தட்டைத் திறக்கக் காரணமே இல்லை.

பாபு, ரியாத்

இது செய்யக்கூடியது அக்கா. ரூமில் உள்ள எல்லோரிடமும் சொல்கிறேன். நகைக்கும் அப்படியே ஒரு துணிப்பை தைத்துக் கொடுக்கச் சொல்லலாம்.

தீயணைப்பு மாமா, பாறசாலை

நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். விமான நிலையப் பிரிவினரோடு ஒத்திகைகளில் கலந்துகொண்டிருக்கிறேன். இரண்டு விஷயம் சொல்லணும்.

முழு அவசரநிலை அறிவித்தால் வண்டிகள் ஓடுபாதை ஓரம் முன்கூட்டியே வந்து நிற்கும். பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கும் தகவல் போகும். சைரனையும் ஆம்புலன்ஸ் வரிசையையும் பார்த்துவிட்டு ஏதோ நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நடக்கும் முன்னால் வந்து நிற்பதுதான் எங்கள் வேலை. ஓடுபாதையின் எந்த மூலைக்கும் இரண்டு நிமிஷத்தில், அதிகம் போனால் மூன்று நிமிஷத்தில் முதல் வண்டி நுரையோடு போய்ச் சேர வேண்டும் என்பது உலகக் கணக்கு. டவர் எங்களுக்கு முதலில் தருவது மூன்று தகவல்: உள்ளே எத்தனை உயிர், எவ்வளவு எண்ணெய் மிச்சம், ஆபத்தான சரக்கு இருக்கிறதா.

அடுத்தது நுரை. ஓடுபாதை முழுக்க நுரை பரப்பி அதில் இறக்குவார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முன்பு செய்தார்கள். இப்போது அப்படி அறிவுறுத்துவதில்லை. நுரை காய்ந்துவிடும், விமானம் எங்கே தொடும் என்று சரியாகத் தெரியாது, பிரேக் வழுக்கும். எல்லாவற்றையும்விட, தீ பிடித்தால் அடிக்க வேண்டிய நுரையைத் தரையில் கொட்டிவிட்டு நிற்கக் கூடாது.

ராஜன், கொல்லங்கோடு

அப்படியானால் சக்கரம் வரவே வராத நிலையில் கடலில் இறக்கலாமே? கடல் மெத்தென்று இருக்கும், எங்கள் வள்ளங்களும் உதவிக்கு வரும்.

சுப்பு, செங்கோட்டை

அண்ணே, உங்கள் ஆட்கள் வருவார்கள், 2018 கேரள வெள்ளத்தில் வள்ளங்கள் ஆட்களைக் காப்பாற்றியதைப் பார்த்தோமே. ஆனால் அந்த வேகத்தில் தண்ணீர் மெத்தென்று இருக்காது. அலை ஒரு இறக்கையைப் பிடித்தால் விமானம் உடையும். ஓடுபாதை சமமானது, தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே நிற்கிறது. சக்கரமே இல்லாவிட்டாலும் ஓடுபாதைதான்.

இதற்கு நல்ல சாட்சி வார்சா. 2011 நவம்பர் 1, நியூவார்க்கிலிருந்து வந்த போலந்து லாட் கம்பெனியின் 767, 231 பேர். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நடு ஹைட்ராலிக் கசிந்து போனது. மாற்று முறை இருக்கிறது என்று வார்சா வரை வந்தார்கள். அங்கே அதுவும் வேலை செய்யவில்லை. கேப்டன் டடேயுஸ் வ்ரோனா ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றி எண்ணெயைக் குறைத்து, இன்ஜின்கள் தரையைத் தொடும்படி நேராக வைத்துச் சறுக்கி நிறுத்தினார். ஒருவருக்கும் காயம் இல்லை. பிறகு விமானத்தைத் தூக்கிப் பார்த்தால், காக்பிட்டில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் வெளியே வந்திருந்தது. அதை உள்ளே அழுத்தினார்கள், சக்கரம் இறங்கிவிட்டது.

முன் சக்கரம் மட்டும் கோணலாக நின்ற சம்பவமும் உண்டு. 2005 செப்டம்பர் 21, ஜெட்புளூ 292, ஏ320. முன் சக்கரம் 90 டிகிரி திரும்பி நின்றது. மூன்று மணி நேரம் போலச் சுற்றினார்கள். மூக்கில் பாரம் குறையப் பயணிகளைப் பின்னால் நகர்த்தி உட்காரவைத்தார்கள். மூக்கை முடிந்தவரை தூக்கிப் பிடித்து இறங்கினார்கள். டயர் எரிந்து தீப்பொறி பறந்தது, விமானம் நேராக நின்றது. சறுக்கு கூடத் தேவைப்படவில்லை, ஏணி வைத்து நடந்து இறங்கினார்கள்.

ராஜன், கொல்லங்கோடு

தென்கொரியாவில் வயிற்றால் இறங்கியதில் அத்தனை பேரும் போனார்களே தம்பி? ஓடுபாதை பத்திரம் என்று எப்படிச் சொல்வது?

தீயணைப்பு மாமா, பாறசாலை

அதை நான் சொல்கிறேன். 2024 டிசம்பர் 29, முவான். பறவை மோதல், மேடே என்ற அபாய அறிவிப்பு, சக்கரம் இல்லாமல் இறங்கினார்கள். 181 பேரில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். விமானம் ஓடுபாதையில் வயிற்றால் சறுக்கும்போது உடையாமல் முழுசாக இருக்கிறது. ஓடுபாதை முடிந்து கொஞ்ச தூரத்தில் ஆன்டெனா நிற்க வைத்த கான்கிரீட் மேட்டில் மோதியபோதுதான் சிதறியது. ஓடுபாதை முனைக்கு அப்பால் முறிந்துவிழக்கூடிய பொருளைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் ஒத்திகைகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: முனைக்கு அப்பால் என்ன இருக்கிறது?

அதனால்தான் இம்மாதிரி நேரத்தில் நீளமான ஓடுபாதையைத் தேடுவார்கள். கோழிக்கோடு மேட்டு மேல் இருக்கிறது, ஓடுபாதை முனையைத் தாண்டினால் பள்ளம். திருவனந்தபுரமும் கொச்சியும் சுமார் 3,400 மீட்டர். 2023 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் வால் தரையில் உரசிய 737ஐத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பித்தான் இறக்கினார்கள்.

ஷீபா, களியக்காவிளை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மேகலா அக்கா எழுதியதை அப்படியே என் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டேன். கடைசியாக ஒன்று. இப்படி நடந்தால் வெளியே நிற்கும் நாங்கள் எங்கே போய் விசாரிப்பது? அன்றைக்குப் பாதிப் பேர் கொச்சிக்குப் போய்விட்டது என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்.

ஹேங்கர் அண்ணாச்சி, மார்த்தாண்டம்

திருவனந்தபுரத்தில் ஒரே ஓடுபாதைதான் மக்கா. பத்மநாபசுவாமி ஆறாட்டு பங்குனியிலும் ஐப்பசியிலும் அதைக் கடக்கும்போது சில மணி நேரம் மூடுகிறார்களே, அது முன்கூட்டியே தெரிந்த மூடல். கோளாறான விமானம் நடுவில் நின்றுவிட்டால் அறிவிப்பில்லாத மூடல். அதை நகர்த்தும்வரை பின்னால் வருகிற எல்லா விமானமும் கொச்சிக்கோ மதுரைக்கோ திரும்பும். "கொச்சிக்குப் போய்விட்டது" என்று நீங்கள் கேட்டது அநேகமாக அந்தப் பின்னால் வந்த விமானங்களைப் பற்றித்தான். அவசரத்தில் இருக்கும் விமானம் அவ்வளவு எளிதாக இடம் மாறாது.

வருகை வாசலில் விமானக் கம்பெனியின் கவுன்டர் இருக்கும், அங்கே டிக்கெட்டில் உள்ள விமான எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஊர் பேரைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் வரும், ஒரே ஊரிலிருந்து ஒரே ராத்திரி இரண்டு மூன்று விமானம் வரும். வாட்ஸ்அப்பில் வருவதைக் கேட்டு வண்டியைக் கிளப்பாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் இறங்கியதும் போனை ஆன் செய்ய அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். இந்த மாதிரி இறங்கினால் பயணிகளை பஸ்ஸில் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் பார்த்து, எண்ணிக்கை சரிபார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

மேகலா, நாகர்கோவில்

விமான எண்ணை வீட்டில் கேலண்டரில் எழுதி வைத்துவிடுங்கள் ஷீபா. போனில் மட்டும் இருந்தால் பதற்றத்தில் தேட முடியாது. உங்கள் தெரு அண்ணனின் அம்மாவிடம் நான் பேச வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளைப் பக்கம் வருவேன், நேரிலேயே பேசிவிடலாம்.

ஷீபா, களியக்காவிளை

கண்டிப்பாக வாருங்கள் அக்கா. அவரும் மகனோடு இருப்பார், அந்த அண்ணன் அடுத்த வாரம்தான் திரும்பிப் போகிறார்.